பக்கத்து வீடு சாம்பல் நிறம்

என் வீட்டை ஒரு பெட்டியாக நான் முதன்முதலில் பார்த்தது அலுவலகத்தில், மதிய சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருக்கும்போது.

பக்கத்து வீட்டு வேலியில் ஆரஞ்சு நிற அறிவிப்பு தொங்கியதைக் காலையில் கவனித்திருந்தேன். எங்கள் தீவு நகரமான ஹோபார்ட்டில் யார் வீட்டை இடித்தாலும் மாற்றினாலும் நகர மன்றம் இப்படி ஒரு தாளை வேலியில் மாட்டும். வரைபடங்களை இணையத்தில் போடும். இரண்டு வாரத்துக்குள் யாரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். மற்றவர்கள் அந்தத் தாளின் முன்னால் நாய் மோந்து பார்க்கும் நேரம்தான் நிற்பார்கள். நான் வீடுகளை வரைந்து பிழைப்பவள். எனக்கு அடுத்தவர் வரைபடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

என் வீடும் பக்கத்து வீடும் ஒட்டிப் பிறந்தவை. ஒரே கூரை, நடுவில் ஒரே சுவர், உச்சியில் ஒரே புகைபோக்கி. சுவரின் அந்தப் பக்கம் அவர்களுக்குக் கீழே ஒரு கணப்பு, மேலே ஒரு கணப்பு. இந்தப் பக்கம் எனக்கும் அப்படியே. நான்கும் ஒரே செங்கல் கோபுரத்துக்குள் போய், கூரைக்கு மேல் நான்கு மண்குழாய்களாக வாய் திறக்கின்றன. திருமணம் முறிந்தபோது எனக்கு எல்லாமே பாதியாகக் கிடைத்தது. அதனால் இந்தப் பாதி வீட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். கீழறைக் கணப்புதான் அதன் உயிர். குளிர்காலத்தில் அந்த ஓர் அறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். மேலே என் படுக்கை, புகைபோக்கிக்கு நேர் கீழே.

பக்கத்து வீட்டை வாங்கியவள் டாம்சின். மெல்போர்னிலிருந்து வந்த பல் மருத்துவர். சுவர்களை எடுத்துவிட்டு ஒரே பெரிய அறையாக்க ஆசை. வரைபடம் அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். வரைந்த கிரிஸ்பின் இந்த ஊரில் பேர் பெற்றவன். நாங்கள் பயன்படுத்தும் அதே மென்பொருள்தான் அவனுக்கும். நிழல் விழுந்திருந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டை நடுவில் கத்தியால் வெட்டிக் காட்டும் படத்துக்கு வந்தேன். வாயில் இருந்ததை மென்று விழுங்க மறந்தேன்.

கணப்பையும் புகைக் குழல்களையும் மூடிக்கொண்டு சுவரிலிருந்து அறைக்குள் துருத்தி நிற்கும் செங்கல் தூண் அவர்கள் பக்கத்தில் இல்லை. கீழ்த்தளத்திலும் இல்லை, மேல்தளத்திலும் இல்லை. சுவர் வெள்ளையாக, வழவழப்பாக இருந்தது. அதில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. டிவிக்குள் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. உண்மையான கணப்பை எடுத்துவிட்டு அது இருந்த இடத்தில் நெருப்பின் படத்தை மாட்டியிருந்தார்கள்.

ஆனால் கூரைக்கு மேலே புகைபோக்கி முழுசாக நின்றது. நான்கு மண்குழாய்களும் சிவப்பாக மினுக்கின. எங்கள் தெரு பாதுகாக்கப்பட்ட பழைய தெரு. சாலையிலிருந்து பார்த்தால் எதுவும் மாறக்கூடாது என்பது விதி. அதனால் தலை இருந்தது, உடல் இல்லை.

இந்த மென்பொருளில் புகைபோக்கி ஒரு தயார்ப் பொருள். எடுத்துக் கூரைமேல் இழுத்து விட்டால் போதும், கூரை தானே ஓட்டை போட்டு அதை வாங்கிக்கொள்ளும். கணப்பு வேறொரு தயார்ப் பொருள். சுவரில் வைத்தால் சுவர் விலகி இடம் தரும். அழித்தால் ஒன்றுமே நடக்காதது போல மூடிக்கொள்ளும். இது அதன் கால், அது இதன் தலை என்று மென்பொருளுக்குத் தெரியாது. கனம் என்ற ஒன்றே அதற்குள் கிடையாது. கீழே இருப்பதை நீங்கள் அழித்தாலும் மேலே இருப்பது காற்றில் கால் ஊன்றி நிற்கும், காலாகாலத்துக்கும்.

பிறகுதான் என் வீட்டைத் தேடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. கதவு இல்லை. ஜன்னல் இல்லை. கணப்பு இல்லை. வழவழவென்று ஒரு பெட்டி.

"கிளெனிஸ், இங்க வாயேன்."

கிளெனிஸ் எங்கள் சின்ன அலுவலகத்தின் முதலாளி. நாற்காலியிலிருந்து எழாமல் சக்கரத்தை உருட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னடி, பல்லிய முழுங்கின மாதிரி இருக்க?"

"என் வீட்டப் பாரு."

"எங்க?"

"அதான். அந்தப் பெட்டி."

கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே. ஜன்னல் தொடைக்கிற வேலை மிச்சம்."

"என் பாதி சிம்னி இவங்க தூண் மேலதான் சாஞ்சு நிக்குது, கிளெனிஸ். தூண எடுத்துட்டா மேல இருக்கற செங்கல் அத்தனையும் என் தலைமாட்டுல வந்து விழும். நான் அங்க தூங்கறேன்!"

"இன்ஜினியர் பாப்பாங்க, விடு."

"யாரப் பாப்பாங்க? என்னை வரையவே இல்லையே. இல்லாத வீட்டு மேல எது விழுந்தா அவங்களுக்கு என்ன?"

"நாமளும் பக்கத்து வீட்ட இப்படித்தானே போடறோம், ஹெஸ்."

"நாம யாரோட சிம்னியையும் பாதியா வெட்டினதில்ல."

கிளெனிஸ் கண்ணாடியை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு, "வெட்டினதில்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு உருண்டு போனாள்.

அவள் சொன்னது என்னைத் தொடவில்லை. கோபத்தில் இருப்பவளுக்குக் காது ஒரு பக்கம்தான் கேட்கும். பக்கத்து வீட்டைச் சாம்பல் நிறத்தில் போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பார்ப்பவர் கண் நம் வீட்டிலேயே நிற்க வேண்டும், சுற்றியிருப்பது நிழல் விழுத்தினால் போதும். ஆனால் அந்த நிறத்துக்குள் உட்கார்ந்து பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட நிறம் என்று தெரிகிறது. என்னை இப்படி வரைந்தவர்களில் கிரிஸ்பின் முதல் ஆள் அல்ல. எங்கள் மணவாழ்க்கையின் கதையை என் முன்னாள் கணவன் நண்பர்களிடம் சொல்வதை ஒருமுறை பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். பொய் எதுவும் இல்லை. அவன் வேலை, அவன் தூக்கமின்மை, அவன் அம்மாவின் நோய் எல்லாம் துல்லியமாக இருந்தன. நான் மட்டும் நிழல் விழுத்திக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அன்று மாலை டாம்சின் தன் வாசற்படியில் உட்கார்ந்து பொட்டலத்திலிருந்து ஸ்காலப் பை என்ற சிப்பிக்கறிப் பணியாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள். மசாலாக் குழம்பு விரலில் வழிந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சை ஆரம்பித்தேன்.

"உங்க பிளான் பாத்தேன்."

"ஓ, பாத்தீங்களா? நல்லா இருக்குல்ல?" முகம் மலர்ந்துவிட்டது. அது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. கெட்ட எண்ணம் உள்ளவளாக இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

"என் சிம்னிய எடுக்கறீங்க."

"இல்லையே! சிம்னி அப்படியே இருக்கு. கிரிஸ்பின் அதுல ரொம்பக் கவனமா இருந்தார். தெருவுலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாதாம்."

"தெருவுலேருந்து பாத்தா தெரியாது. என் படுக்கைலேருந்து பாத்தா தெரியும்."

அவள் விரலை நக்குவதை நிறுத்தினாள். "புரியல."

"அது ரெண்டு வீட்டுக்கும் பொதுவான சிம்னி. உங்க பக்கம் இருக்கற தூண் அதுல பாதி பாரத்தத் தாங்குது. உங்க பல் வேலைல ஒரு பல்லுக்குக் கீழ இருக்கற எலும்ப எடுத்துட்டு பல்லு மட்டும் அப்படியே நிக்கட்டும்னு சொல்வீங்களா?"

"மாட்டேன்," என்றாள் யோசித்தபடி. பிறகு, "ஆனா கிரிஸ்பின் அதெல்லாம் பாத்திருப்பாரே. இங்க எல்லாருமே புது ஆளப் பாத்தா எதுக்கும் கொஞ்சம் எதிர்ப்பு காட்டுவாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

"யாரு சொன்னது?"

"அவர்தான்."

கிரிஸ்பின் மறுநாளே வந்தான். 'அண்டை வீட்டு உரையாடல்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். என் கீழறையில், என் கணப்புக்கு முன்னால், என் நாற்காலியில் உட்கார்ந்தான். நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. பெப்பர்மின்ட் யூகலிப்டஸ் மரக்கட்டை வெடித்து ஒரு பொறி விரிப்பில் விழுந்தது. நான் மிதித்து அணைத்தேன். அவன் கண் டேப்லெட்டை விட்டு நகரவில்லை. அதில் என் வீடு சாம்பல் நிறமாக இருந்தது. அந்தச் சாம்பலுக்கு உள்ளே, வெப்பத்தில் கால் நீட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

"மாடல்ல எல்லாம் சரியா நிக்குது, ஹெஸ்டர்."

"மாடல்ல மேகத்து மேல கூட சிம்னி வெக்கலாம். அதுவும் நிக்கும்."

சிரித்தான், என் நகைச்சுவையைப் பாராட்டுகிறவனைப் போல. "நீங்களும் இந்தத் தொழில்தான்னு டாம்சின் சொன்னாங்க. அப்ப உங்களுக்குப் புரியும். அனுமதி வந்தப்புறம்தான் இன்ஜினியர் விவரமெல்லாம் வரும். மேல ஒரு இரும்பு பீம் போட்டா முடிஞ்சது."

"அந்த பீமோட ஒரு முனை எதுல உக்காரும்?"

"பொதுச் சுவர்ல."

"அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அவன் திரையைத் தொட்டுச் சுழற்றினான். பெட்டி சுழன்றது. எந்தப் பக்கம் சுழன்றாலும் அது பெட்டிதான். "உங்க பக்கம் எங்க வேலைக்குள்ள வரல."

"நீங்க உக்காந்திருக்கறதே என் பக்கம்தான்."

"ஹெஸ்டர், நீங்க கொஞ்சம் உணர்ச்சிவசப்படறீங்கன்னு நினைக்கறேன்."

ஒரு பெண்ணிடம் அந்த வாக்கியத்தைச் சொன்ன பிறகு ஆண்கள் முகத்தில் வரும் அமைதி எனக்குப் பழக்கமானது. தீயணைப்பு வண்டி வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்பது போன்ற அமைதி. நான் எழுந்து கதவைத் திறந்து பிடித்தேன். தேநீர் போட்டிருந்தேன். அதைக் கொடுக்கவில்லை. அவ்வளவு சின்னத்தனம் எனக்குள் இருப்பது எனக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து என் வீட்டை வரைந்தேன். அடுத்தவர் வீடுகளை இத்தனை வருஷமாக வரைந்தவள் என் வீட்டை வரைந்ததே இல்லை. முழங்காலில் தவழ்ந்து கணப்பின் வாயை அளந்தேன். தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்து, புகை திரளும் அந்தக் கழுத்துப் பகுதியைப் பார்த்தேன். முடியெல்லாம் கரி. தயார்ப் பொருள் எதையும் எடுக்கவில்லை. செங்கல் செங்கலாகத் தூணை எழுப்பினேன், கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம், மேல்தளத்திலிருந்து கூரை. கணப்பின் மேல் குழலை வைத்து, ஒரே இழுப்பில் உச்சி வரை நீட்டினேன். சரியாக நீண்டது. கணப்புக்கு மேலே இருக்கும் மரப்பலகையின் கீறலைக்கூடப் போட்டேன். ஜன்னல்களைப் போட்டேன். ஜன்னலில் இருக்கும் ஜெரேனியப் பூத்தொட்டியைப் போட்டேன். எந்த அதிகாரி ஜெரேனியத்தைப் பார்த்து மனம் மாறுவான்? தெரிந்தும் போட்டேன்.

சாயங்காலம் அதை நெடுநேரம் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாக இருந்ததால் அல்ல. இப்படி ஒரு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்ததே என்றுதான். படங்களை ஆட்சேபத்தோடு சேர்த்து நகர மன்றத்துக்கு அனுப்பினேன்.

அந்த வாரம் மலையில் பனி இறங்கியது. ஒரு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. அனுமதி வராமல் இடிக்க முடியாது, ஏதோ பூச்சு உரித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். விறகை அடுக்கினேன். தினமும் அந்த நேரத்துக்குப் பற்றவைப்பதுபோல் பற்றவைத்தேன்.

இதை இப்போது எழுதும்போது ஒரு கணம் நிற்கிறேன். சத்தம் கேட்டதே, பிறகு ஏன் பற்றவைத்தாய் என்று யாராவது கேட்டால்? எனக்குள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டேன். வஞ்சம் எதுவும் தட்டுப்படவில்லை. பிடிவாதம் இருந்தது. என் வீட்டில் நெருப்பு மூட்ட நான் யாரைக் கேட்க வேண்டும் என்ற பிடிவாதம். அது இருந்தது, நிறையவே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவர் வழியாகக் கூச்சல். பிறகு என் கதவு உடைவதுபோல் தட்டு. டாம்சின். கண் சிவந்து, இருமிக்கொண்டு.

"உங்க புகை என் ரூமுக்குள்ள வருது! மாடி பூரா!"

நான் சொல்லக் கூடாததுதான். ஆனால் இத்தனை நாளாக வாயில் ஊறிக்கொண்டிருந்தது.

"என் வீடு ஒரு பெட்டி, டாம்சின். பெட்டிலேருந்து எப்படிப் புகை வரும்?"

அவள் என்னை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பின்னாலிருந்து ஒருவர் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். கட்டட வேலைக்காரர் நெவ். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை போட்டவர். என் மண்வாரியை எடுத்து எரியும் கட்டைகளை இரும்பு வாளியில் அள்ளிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். "சண்டைய அப்புறம் போடுங்க கண்ணுங்களா. மொதல்ல ரெண்டு பேரும் மூச்சு விடுங்க."

என் கணப்பு கறுத்து வாய் பிளந்து கிடந்தது. கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்துவிட்டு மூன்று பேரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்குள் அன்றுதான் முதல்முறை காலடி வைத்தேன்.

மாடியில் கிரிஸ்பின் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான். அவர்கள் பக்கத் தூணில் பூச்சை உரித்து, ஓர் ஆள் தலை நுழையும் அளவுக்குச் செங்கற்களை எடுத்திருந்தார்கள். ஓட்டையில் இன்னும் புகை நூலாக வந்துகொண்டிருந்தது.

"சும்மா திறந்து பாத்தோம்," என்றான். "இந்தக் கணப்பு ரொம்ப வருஷமா மூடிக் கிடக்கு. இதுல புகை வரவே கூடாது."

நெவ் டார்ச்சை உள்ளே விட்டு ஒரு பக்கமாக மேலும் கீழும் பார்த்தார். பிறகு விசில் அடித்தார். "இது உங்க குழல் இல்ல. இது ஹெஸ்ஸோடது."

"என்னோடதா?"

"உன் கீழ்க் கணப்போட குழல். உன் மாடிக் கணப்பு வழிய மறிக்குதில்ல, அதச் சுத்திப் போகணும். அந்தக் காலத்துக் கொத்தனுக்கு உன் பக்கம் இடம் பத்தல. என்ன பண்ணான், சுவத்தத் தாண்டி இந்த வீட்டு வழியா வளைச்சு மேல கொண்டுபோயிட்டான். அங்க பாரு, அவங்க குழல் ஒண்ணு உன் பக்கம் போகுது. கைய மாத்திக் கோத்துக்கிட்டு நிக்குது." டார்ச்சை அணைத்தார். "மெயின்லேண்டுக்காரங்க நம்ம தீவுக்காரங்களுக்கு ரெண்டு தலைன்னு கேலி பண்ணுவாங்க. சிம்னிக்கும் வெச்சுட்டான் பாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே கறுப்பு மினுமினுத்தது. தடித்த, படிந்த கரி. அது என் கரி. நான் தனியாக உட்கார்ந்திருந்த குளிர்கால மாலைகள் எல்லாம் இந்த வீட்டுச் சுவருக்குள் படிந்திருந்தன. நான் அறியாமலே இத்தனை காலம் இந்த வீட்டின் வழியாக மூச்சு விட்டிருக்கிறேன்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வரைந்தது நினைவுக்கு வந்தது. ஒரே இழுப்பில் உச்சி வரை போன நேர்க்குழல். மென்பொருள் நேராகத்தான் கொடுக்கும், வளைக்க வேண்டுமென்றால் நாம் மெனக்கெட வேண்டும். குழல் எங்கே போகிறது என்று நானும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது போவதற்கு என் படத்தில் அந்தப் பக்கம் இடம் இருந்திருக்காது. ஜெரேனியத் தொட்டி வரைக்கும் போட்ட நான், டாம்சினின் வீட்டை எப்படிப் போட்டிருந்தேன்? கதவு இல்லாமல், ஜன்னல் இல்லாமல், சாம்பல் நிறத்தில்.

முகம் சுட்டது. அதனால் கோபம் குறைந்தது என்று சொன்னால் அது பொய். கூடத்தான் செய்தது. இப்போது அதில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது, அவ்வளவுதான்.

கிரிஸ்பின் இதற்குள் டேப்லெட்டை எடுத்துவிட்டான். "இது ஒரு பிரச்சினையே இல்ல," என்றான் டாம்சினிடம். "அவங்க குழல அவங்க பக்கமே தள்ளிடலாம். பாருங்க." திரையில் புதிதாக ஒரு குழலை வைத்தான். விரலால் தொட்டு இழுத்தான். என் குழல், என் கரி, என் அறையின் வெப்பம் எல்லாம் அவன் விரல் நுனியோடு வழுக்கிக்கொண்டு சுவரைத் தாண்டிப் பெட்டிக்குள் போய் மறைந்தது. வெள்ளைச் சுவர் மூடிக்கொண்டது. "முடிஞ்சது."

சத்தம் போடக்கூடாது என்று நினைத்ததுதான் நினைவு.

"அத எடுத்து எங்க போட்டீங்க?"

"உங்க பக்கம்."

"என் பக்கத்துல எங்க?"

"ஹெஸ்டர், இது ஒரு கான்செப்ட்தான்."

"என் மாடிக் கணப்புக்கு நடுவுல போட்டிருக்கீங்க. அதுக்குப் பக்கத்துல நான் படுக்கறேன். உங்க கான்செப்ட்டுக்குள்ள ஒரு மனுஷி தூங்கறா, கிரிஸ்பின். அவளுக்கு மூச்சு முட்டும். நீங்க என் வீட்டுல வந்து என் நெருப்புல குளிர் காஞ்சீங்க. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தலையத் திருப்பி அந்த நெருப்பு எங்க போகுதுன்னு பாத்தீங்களா?"

"மறுபடியும் நீங்க உணர்ச்சி…"

"கிரிஸ்பின்," என்றாள் டாம்சின். இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். "அந்த டேப்லெட்டக் கீழ வைங்க."

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா…"

"வைங்கன்னேன். இவங்க போன வாரமே வேலிகிட்ட நின்னு சொன்னாங்க. நான் உங்களக் கேட்டேன். நீங்க 'அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னீங்க. ஒண்ணும் இல்லாத பக்கத்துலேருந்து வந்த புகையத்தான் நான் இப்ப இருமிக்கிட்டிருக்கேன்."

நெவ் திரும்பி ஜன்னலைப் பார்த்துத் தன் தாடியைச் சொறிந்தார். கிரிஸ்பின் என் வீட்டை அளவெடுக்க ஓர் ஆளை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு மாடி இறங்கினான். அனுப்பவில்லை.

நெவ் அன்றே அந்த ஓட்டையைச் செங்கல் வைத்து மூடினார். காயும்வரை நெருப்பு மூட்டாதே என்றார். இரண்டு கம்பளிக்குள் சுருண்டு, மேலே இருக்கும் பாரத்தை நினைத்தபடி படுத்தேன். நகர மன்றத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே பதில் வந்தது. இரண்டு வீட்டையும் சேர்த்துக் காட்டும் வரைபடம் வரும்வரை எதற்கும் அனுமதி இல்லை. என் ஜெரேனியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் படத்திலும் அடுத்த வீடு இல்லை என்பதை மட்டும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலையில் டாம்சின் கதவைத் தட்டினாள். கையில் இரண்டு ஸ்காலப் பை.

"தூண் நிக்கட்டும்," என்றாள் வாசலிலேயே. "ரெண்டு மாடியிலயும். பெரிய அறை இல்லன்னா போகுது."

"போகுதுன்னா, நீங்க எனக்கு ஏதோ விட்டுக் குடுத்த மாதிரி பேசறீங்க."

"வேற எப்படிப் பேசணும்?"

"அது என்னோடதும்தான். நீங்க தானம் பண்ண முடியாது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஸ்காலப் பை சுற்றிய காகிதத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது. "சரி. தூண் நம்ம ரெண்டு பேரோடது. அது நிக்குது. போதுமா? இப்ப யாராவது அத ஒழுங்கா வரையணும். கிரிஸ்பின்கிட்ட இனிமே முடியாது. நீங்க…"

"உங்களுக்காக நான் வரைய மாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே இன்னும்!"

"கேக்க வந்தீங்க. என் வீட்ட வரையறேன். ஆனா உங்க பக்கம் தெரியாம என் பக்கத்த வரைய முடியல. அதனால வரேன். அதுக்காகத்தான் வரேன்."

ஸ்காலப் பைகளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டேன். அவள் வீட்டு மாடியில் குளிராக இருந்தது. புகை நாற்றம் திரைச்சீலையில் இன்னும் போகவில்லை. நெவ் மூடிய இடத்தில் சுண்ணாம்பு ஈரமாக, வெளிர் நிறத்தில், ஆறாத தழும்பு போல இருந்தது. டேப்பின் கொக்கியை அவளிடம் கொடுத்து, தூணின் அந்த விளிம்பில் வைக்கச் சொன்னேன். பல் பிடுங்கும் கைகள், உறுதியாகத்தான் பிடித்தாள். நான் பின்னால் நகர்ந்து இந்த விளிம்புக்கு வந்தேன். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை வெளியிலிருந்தே பார்த்திருக்கிறேன். அதன் வழியே என் பின்கட்டு தெரிந்தது, என் விறகு அடுக்கு, காயப்போட்ட என் போர்வை. அதன் அகலத்தையும் அளக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

"ஹெஸ்டர்."

"ம்."

"கோபம் போயிடுச்சா?"

"இல்ல," என்றேன். "டேப்ப நேரா பிடி."